கை காய்ந்த பிறகும்

துபாஷி வேலையில் சம்பளம் வாய்க்கு, தேய்வது காது.

ஒருவர் மொழியை இன்னொருவருக்கு மாற்றிச் சொல்லும் இந்த வேலைக்கு என் காது பழகியது ஒரு சுவருக்குப் பின்னால். கல்லூரி விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், விடுதியை நடத்திய ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீகளின் சாப்பாட்டு அறை. அங்கே சாப்பாடு முடிந்த பிறகுதான் சத்தமே ஆரம்பிக்கும். சின்னக் கண்ணாடித் தம்ளரில் கரண்டி சுற்றும் கிணுகிணுப்பு, யாரோ ஒருவர் தணிந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டே போவது, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரிப்பது. பகலெல்லாம் எங்களை "உஷ்" என்று அடக்கியவர்கள், சாப்பிட்ட பிறகு அப்படி என்னதான் பேசிச் சிரிக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்களுடைய மொழியைப் படித்தேன்.

அந்தச் சத்தத்திற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு: சோப்ரெமேசா. 'சோப்ரெ' என்றால் மேல். 'மேசா' நம் மேசையேதான். மேசையின் மேல் என்பது நேர்ப்பொருள். மேசைமேல் விரிக்கும் துணிக்கும் அதுவே பெயர். அது மெல்ல விரிந்து, சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்திற்கே பெயராகிவிட்டது. நமக்கு மேசை என்ற சொல்லைத் தந்தவர்கள் ஸ்பெயினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான போர்த்துகீசியர்கள். பொருளையும் பெயரையும் கரையில் இறக்கிவிட்டு, சாப்பிட்ட பிறகு அதன்முன் உட்காரும் வழக்கத்தைக் கப்பலிலேயே மறந்துபோய் வைத்துவிட்டார்கள்.

மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில், டாக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவர் தாங்குகிற அளவுக்கு மாற்றிச் சொல்லிப் பழகிய எல்லாரும் என் சக தொழிலாளிகள்தாம். திருமழிசைத் தொழிற்பேட்டையில் இந்த ஒற்றைச் சொல்லோடு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஒரு பெண்ணின் பிழைப்பே அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தது.

கேட்டில்

பெயிண்ட் டப்பா செய்கிற கம்பெனி அது. மூடி அடைக்கும் இயந்திரம் ஒன்றை ஸ்பெயினிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுக்க ரமோன் என்ற பொறியாளர் வந்திருந்தார். அறுபதை நெருங்கிய வயது, பெரிய மீசை, தன் தாய்மொழியைத் தவிர வேறெதிலும் வாய் திறக்காத உறுதி. சில நாட்கள் கைபேசியை நடுவில் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, முடியாமல் முகப்பேரில் இருந்த என்னைத் தேடிப் பிடித்தார்கள்.

வெளிநாட்டு மொழி பேசுகிறவர் என்றால் கூலிங் கிளாஸோடு யாரோ காரில் வந்து இறங்குவார் என்று கேட்டில் எதிர்பார்த்திருப்பார்கள் போலும். பருத்திப் புடவையும், தோள்பையும், கையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவுமாக நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்றேன். காவலாளி என்னை விட டப்பாவைத்தான் முதலில் பார்த்தார்.

"புள்ளைக்கு சோறு எட்த்தாந்தீங்களாம்மா? இப்டி வச்சிட்டுப் போங்கோ, மணி அட்ச்சதும் நானே குடுத்துர்றேன்."

சாப்பாட்டுக்குப் பிந்தைய கணினி

நான் போவதற்கு முன்பே அந்தச் சொல் அங்கே போய்த் தன் வேலையைக் காட்டியிருந்தது. மேசைமேல் வைக்கிற கடிகாரம், கணினி எதுவானாலும் ஸ்பெயினில் அதோடு 'சோப்ரெமேசா'வைச் சேர்த்துச் சொல்வார்கள். இயந்திரத்தின் கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. கைபேசி அதைச் "சாப்பாட்டுக்குப் பிந்தைய கணினி" என்று தமிழாக்கிக் கொடுத்துவிட்டது.

ஃபிட்டர் டில்லியும் கூட்டாளிகளும் யோசித்தார்கள். வெளிநாட்டு மெஷின், எதற்கு வம்பு? காலையெல்லாம் அதன் பக்கமே போகாமல், மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகே பயபக்தியோடு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ரமோன் காலையில் கையை ஆட்டி ஆட்டி அவசரப்படுத்தியதை, "போய்ச் சீக்கிரம் சாப்பிட்டு வாருங்கள்" என்று எடுத்துக்கொண்டார்களாம். நான் நேர்ப்பொருளை விளக்கியதும் டில்லி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அப்போ, நாங்கோ துன்னாம பட்னியா இருந்திருந்தாலும் அது ஓடியிருக்கும்னு சொல்றீங்கோ?"

மோர் ஊற்றிய பிறகு

கேண்டீனை ஒப்பந்தத்தில் நடத்தியவர் கன்னியம்மா. சென்னீர்குப்பத்துக்காரர். இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார். கண்ணாடி போட்ட வயதான பெண் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சரம்மா. நானும் அப்படியே ஆனேன்.

முதல் நாள் ரமோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பார் முடிந்தது, ரசம் முடிந்தது, மோர் முடிந்தது. ரமோன் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, மீசையைத் துடைத்துக்கொண்டு பேச வாயைத் திறந்தார். அந்த நொடியில் எங்கிருந்தோ வந்து தட்டில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. பெருமூச்சோடு சாப்பிட்டார். மறுபடி முழங்கை ஊன்றினார். மறுபடி சோறு. மூன்றாவது முறை அப்பளமும் சேர்ந்து வந்தது. "இந்த நாட்டில் போதும் என்று சொல்வது குற்றமா?" என்று என் காதில் கேட்டார். வந்ததிலிருந்து அவருடைய பெல்ட்டில் ஓட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தனவாம்.

கன்னியம்மாவை மெல்லக் கூப்பிட்டு, எதற்காக இப்படி என்று கேட்டேன். கரண்டியை இடுப்பில் வைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மோரு ஊத்துன அப்பறமும் ஒரு மன்சன் எய்ந்திரிக்காம குந்திகினு கீறான்னா இன்னா அர்த்தம் டீச்சரம்மா? வயிறு ரொம்பலன்னுதானே?"

நாற்காலிக்குப் பின்னால்

அவருக்கு வேண்டியது சோறு இல்லை, பேச்சு என்று நான் விளக்கிய பிறகு சோறு விழுவது நின்றது. கதை ஆரம்பித்தது. ரமோனின் மைத்துனர் தன் கல்யாணத்தன்று, பெண் வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு குறுக்கிட, ஒரு கழுதையின் மேல் ஏறிக் கடக்கப் பார்த்த கதை. கழுதை பாதி ஆற்றில் நின்றுவிட்டது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கேண்டீனில் இரண்டு பந்தி. முதல் பந்தி எழுந்தால்தான் இரண்டாம் பந்திக்கு இடம். மணி அடித்துவிட்டது. இரண்டாம் பந்திக்காரர்கள் கையில் தட்டோடு வந்து, நம் ஊர் வழக்கப்படி, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் முதுகில் மூச்சுப் படும்படி நின்றார்கள். ரமோன் திரும்பிப் பார்த்தார். தன் கதையைக் கேட்க இத்தனை பேர் கூடியிருப்பதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்குப் புரிய வேண்டும் என்று கழுதையைத் திரும்பவும் முதல் கரைக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

பின்னால் நின்ற டில்லி என் காதருகே குனிந்தார்.

"அம்மா, கதை சோக்கா கீது. ஆனா நாங்கோ நின்னுகினு கீறது கய்தைக்காக இல்ல, சோத்துக்காகன்னு அவராண்ட எப்டிம்மா சொல்லுவீங்கோ?"

கை

நாளாக ஆக, முதல் பந்திக்காரர்கள் ரமோன் பக்கத்தில் உட்காருவதையே தவிர்த்தார்கள். உட்கார்ந்தவர்களும் அவர் வாய் திறந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒரு நாள் அவர் இயந்திரத்தைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?"

கை காய்ந்துவிடும், அதுதான் காரணம் என்றேன். கையால் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டு முடித்ததும் எழுந்தாக வேண்டும். காய்ந்த கையோடு உட்காருவது எங்களுக்கு ஆகாது. கரண்டிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சொல்லும்போதே என் கணவர் நினைவுக்கு வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை ஆண்டும் ஆலைச் சங்கில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார். என் ரசத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. சங்கு ஊதாத ஓய்வுக் காலம் வந்த பிறகும் அந்தக் கால்கள் எழுந்து நின்றுவிடும். இப்போது என் வீட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் நான், மற்றவற்றில் பழைய செய்தித்தாள்கள்.

மறுநாள் ரமோன் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் சாப்பிட்டார். சாம்பார் முழங்கை வரை போனது. முடித்ததும், விளக்கு ஏந்துகிறவர் போல அந்தக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்தார். விரல்கள் காய்ந்து வெளுத்தன. "பார்த்தீர்களா?" என்றேன். அவர் சொன்னது இது:

"கை காய்ந்தால் என்ன, தொண்டை காயவில்லையே!"

அரட்டை

இதற்குள் மதியம் லைன் ஓடத் தொடங்குவது தாமதமாகிக்கொண்டே போனது. ரமோன் எழாமல் முதல் பந்தியை முடித்து மேசையைத் துடைக்க முடிவதில்லை, இரண்டாம் பந்தி உட்காருவதில்லை. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், நேரத்தைத் தவிர வேறு எதன்மீதும் கோபப்படத் தெரியாதவர். கேண்டீனில் பரிமாறுவது மந்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். மாதக் கடைசியோடு கன்னியம்மாவை நிறுத்திவிட்டு, பெட்டியில் அடைத்த சாப்பாடு கொண்டுவருகிறவர்களுக்கு ஒப்பந்தத்தைத் தரப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

ரமோனிடம் விஷயத்தைச் சொல்லி, நேரத்துக்கு எழுந்திருக்கச் சொல்கிறேன் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட வந்தவரை எழுந்திரு என்று தன் கேண்டீனில் யாரும் சொன்னதில்லை, தன் பெயரால் நானும் சொல்லக் கூடாது என்றார். அடுப்பங்கரைக்குள் போய், இரண்டு பெண்களும் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் மேனேஜரிடம் போனேன். கன்னியம்மா மேல் தவறில்லை, இது ரமோன் ஊர் வழக்கம் என்று தொடங்கி, மேசை, மேசைத்துணி, சாப்பாட்டுக்குப் பின் வரும் நேரம் என்று நேர்ப்பொருளிலிருந்து விரிபொருள் வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனேன். கல்லூரியில் சொல்லியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், அரட்டைன்னு ஒரே வார்த்தைல சொல்றத விட்டுப்போட்டு எதுக்குங்க இப்புடிச் சுத்தி வளைக்கறீங்க?"

பேப்பர் சுருட்டுபவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை டில்லியின் தங்கைக்குக் கல்யாணம். பூந்தமல்லியில் ஒரு மண்டபம். கம்பெனியே வந்திருந்தது. ரமோன் வேட்டி கட்டி, அதன்மேல் பெல்ட்டும் போட்டு வந்தார். முதல் பந்தியிலேயே அவரை உட்காரவைத்துவிட்டார்கள். நீள மேசைகளில் வெள்ளைப் பேப்பர் விரித்து, அதன்மேல் இலை. பாயசம் வந்து, மோர் வந்து, வரிசையில் எல்லாரும் இலையை மடித்து எழுந்தார்கள். ரமோன் மட்டும் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்து இலைக்காரர் எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது.

மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர், இலை, எச்சில், தம்ளர் எல்லாவற்றையும் சேர்த்துப் பேப்பரைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு வந்தார். ரமோனின் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் சுருள் நின்றது. சோப்ரெமேசா என்ற சொல்லின் இரண்டு பொருளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டதை நான் பார்த்தது அன்றுதான். சுருட்டுபவருக்கு எந்த மொழித் தயக்கமும் இல்லை.

"சார், கைய எட்த்தா பேப்பர சுர்ட்டுவேன். எட்க்கலன்னா உன்னியும் வச்சி சுர்ட்டிடுவேன்."

வெற்றிலைத் தட்டு

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். ரமோன் சரணடைகிறவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மண்டபம் அதிரச் சிரித்தபடி எழுந்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தால், மண்டபத்தின் முன்பக்கம் பெரிய மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. நடுவில் வெற்றிலைத் தட்டு. செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, பெண்ணின் நகையிலிருந்து ரசத்தின் உப்பு வரை அலசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. ரமோனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். வெற்றிலை மென்று, பல் சிவந்து, கழுதைக் கதையை ஆற்றின் அடுத்த கரை வரைக்கும் அன்றுதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். மணப்பெண்ணின் தாய்மாமன் பதிலுக்கு ஒரு எருமைக் கதை சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கன்னியம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என்னை முழங்கையால் இடித்தார்.

"அந்தாளுக்குப் பேச எடம்தான் வோணும் டீச்சரம்மா. மேசை வோணாம்."

நாலு நாற்காலி

திங்கட்கிழமை கேண்டீன் குழாயடியை ஒட்டிய புங்க மரத்தின் கீழே நாலு சிவப்பு நாற்காலிகள் இருந்தன. நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் கடலை மிட்டாயும் இஞ்சி டீயும். மோர் முடிந்ததும் கன்னியம்மா ரமோன் முன்னால் சொம்போடு வந்து நின்றார். எழுந்திரு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்தியை அழைப்பது போல, "வா நைனா" என்று கையைக் காட்டினார். ரமோன் மரத்தடியைப் பார்த்தார். அவருடைய மீசை இரண்டு பக்கமும் உயர்ந்தது. மேசை காலியானது. மணி அடித்தபோது இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது.

மாதக் கடைசி வாரத்தில் மேனேஜர் நேரத்தைச் சோதிக்க வந்தார். பரிமாறுவதை நின்று பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் வெளியே வந்தார். மரத்தடியில், இதற்காகவே முதல் பந்திக்கு மாறிக்கொண்ட டில்லியும், காவலாளியும், இன்னொரு ஃபிட்டரும், ரமோனும். டில்லி பழக்கிவைத்த தமிழ் அத்தனையையும் திரட்டி ரமோன் கூப்பிட்டார்: "வா மாமே, குந்து!" டில்லி கடலை மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டார். கன்னியம்மா சொம்பும் கையுமாகச் சிலையாகிவிட்டார். மேனேஜர் அந்த நாலு நாற்காலியையும் ஒரு முறை எண்ணுவது போலப் பார்த்தார்.

"ஏனுங்க கன்னியம்மா, இன்னொரு சேர் இருக்குங்களா?"

துபாஷிக்கு

அதன்பிறகு மரத்தடியில் எனக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. துபாஷி நிற்க வேண்டும் என்பது பழக்கம். இரண்டு வாய்க்கு நடுவில் நின்றால்தான் இரண்டு காதுக்கும் எட்டும். ஒரு மதியம் ரமோன் எதையோ சொல்ல, நான் தமிழில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். என்னைக் கேட்காமலே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாரோ டீ கிளாஸில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணுகிணுப்பை எங்கே கேட்டேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நடுவில் இருந்த சுவரைத்தான் காணோம்.

சொல்லாமல் விட்ட வாக்கியத்தோடு நான் அப்படியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. கன்னியம்மா சமையல்கட்டிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து என் பின்னால் போட்டார்.

"இன்னா டீச்சரம்மா, நீ மட்டும் ஏன் நின்னுகினே கீறே? குந்து."

ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வாழ்நாளெல்லாம் இரண்டு மொழிக்கு நடுவில் அலைந்த எனக்கு, அதை நாலு பிளாஸ்டிக் நாற்காலியில் மொழிபெயர்த்துவிடலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை. பொருத்தும் வேலை முடிந்து இயந்திரம் தடையில்லாமல் ஓடத் தொடங்கியது, ரமோன் ஊருக்குத் திரும்பி ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கேண்டீனை இன்றும் கன்னியம்மாதான் நடத்துகிறார்.